நண்டுமேட்டின் முறை

மழை எல்லாருக்கும் பொது என்று சொன்ன புண்ணியவான் வெள்ள முறை வாரியத்தில் ஒரு நாள்கூட வேலை பார்த்திருக்க மாட்டான். அங்கே மழைக்கு வரிசை உண்டு. யார் வீட்டுக்குள் எப்போது போக வேண்டும் என்ற உத்தரவு உண்டு. அந்த உத்தரவு இப்போது சுவர் நிறைந்த திரையில் மஞ்சள் எழுத்தில் நின்றது. நாளைக் காலை மதகு திறக்கும் வட்டம்: நண்டுமேடு.

செம்மலர் கையிலிருந்த டீயை மேசையில் வைத்தாள். ஒரே வருஷத்தில் இது நாலாவது தடவை. நகரத்தில் அறுபது வட்டங்கள் இருக்கின்றன. சீட்டுக் குலுக்கிப் போட்டால்கூட ஒரே பெயர் இப்படி வராது. வாரியத்தில் மழைப் புள்ளிவிவரப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. கணக்கு அவளுக்குச் சோறு போடுகிற தொழில். ஆனால் அவளை உறுத்தியது கணக்கு மட்டும் அல்ல. நண்டுமேடு அவள் பிறந்து வளர்ந்த இடம். அவளுடைய அண்ணன் தேசிங்கு இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

இந்த முறை விவகாரம் வந்த கதை பெரிய கதை. நகரத்தின் மழைநீர்க் கால்வாய்கள் எல்லாம் அந்தக் காலத்து மழையை வைத்துக் கட்டியவை. ஐம்பது வருஷ மழைக்கணக்கை எடுத்து, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வரக்கூடிய பெருமழை எவ்வளவு என்று பார்த்து, அதைத் தாங்குகிற அளவுக்கு வெட்டினார்கள். அதற்கு மேல் பெய்தால்? ஐந்து வருஷத்துக்கு ஒரு நாள்தானே, ஜனங்கள் பொறுத்துக்கொள்ளட்டும் என்றார்கள். அப்போது அது நியாயமாகத்தான் இருந்தது. பிறகு கடல் சூடேறியது, வானம் புத்தி மாறியது. ஐந்து வருஷ மழை ஐப்பசியில் ஒன்று, கார்த்திகையில் இரண்டு என்று வர ஆரம்பித்தது. ஊரையே தோண்டிக் கால்வாயை அகலப்படுத்த முடியுமா? அதற்குப் பதிலாகப் பூமிக்கடியில் ஒரு பெரிய சுரங்கக் குழாயைப் போட்டார்கள். எந்த வட்டத்தில் தண்ணீர் மிஞ்சினாலும் அது உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சியதை எங்கேயாவது விட வேண்டுமே! புயல் நாளில் கடல் ஏறி நிற்கும், ஒரு சொட்டு வாங்காது. ஆகவே ஒரு வட்டம் முழுகினால் மற்ற ஐம்பத்தொன்பதும் பிழைக்கும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்ட ஜனங்கள்தானே, வீட்டுக்கு முறை வைத்து விட்டால் என்ன? ஓட்டு எடுத்தார்கள். எல்லாரும் சரி என்றார்கள். நண்டுமேடும் சரி என்றுதான் ஓட்டுப் போட்டது.

“சார், மறுபடியும் நண்டுமேடா? எப்படி சார்?”

தலைமைப் பொறியாளர் தணிகாசலம் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர். யாரையும் அதட்ட மாட்டார். யாருக்காகவும் சண்டை போடவும் மாட்டார்.

“யார் கம்மியா பட்டிருக்காங்களோ அவங்களுக்குத்தானேம்மா முறை. வட்டத்துக்கு ஒரு மழைமானி வெச்சிருக்கோம். வானத்துலேர்ந்து வந்த தண்ணி, நம்ம குழாய்லேர்ந்து வந்த தண்ணி, ரெண்டையும் வட்டம் முழுக்கப் பரப்பின மழையாக்கி மில்லிமீட்டர்ல கூட்டிச் சொல்லுது. எங்க கூட்டல் கம்மியோ அங்க மதகு. நீயோ நானோ கை வைக்கக் கூடாதுன்னுதானே மிஷின்கிட்ட விட்டிருக்கோம்?”

“மூணு தடவை முழுகின வட்டம் கம்மியா பட்டிருக்குன்னு எந்தக் கணக்கு சார் சொல்லும்?”

“உன் சொந்த வட்டத்துப் பதிவை நீ திறக்கக் கூடாது. விதி. நான் திறக்கறேன், நீ பாரு.”

அவர் திறந்தார். தூறல் விழுந்த நாட்களுக்கெல்லாம் எண் அழகாக இருந்தது. நண்டுமேடு முழுகிய மூன்று நாட்களுக்கு நேராக மட்டும் மூன்று பூஜ்யங்கள் உட்கார்ந்திருந்தன.

செம்மலர் மூன்றாவது பூஜ்யத்தின் தேதியைப் பார்த்தாள். இரண்டு மாதத்துக்கு முன்பு, மூன்றாவது முறையில், அவளுடைய அண்ணி பூங்காவனம் செத்துப்போனாள். வெள்ளம் வடிந்த பிறகு பரணுக்கும் கூரைக்கும் நடுவிலிருந்து எடுத்தார்கள். இறப்புப் பதிவு அலுவலகத்தில் அந்த ஆள் திரையைப் பார்த்துவிட்டு, “மழையே இல்லாத நாள்ல வெள்ளத்துல எப்படிம்மா சாவாங்க?” என்று கேட்டான். “வழுக்கி விழுந்து” என்று எழுதிக் கொடுத்தான். திமிர் பிடித்தவன் என்று செம்மலர் அவனோடு மல்லுக்கட்டினாள். பாவம், அவன் இந்தப் பூஜ்யத்தைத்தான் படித்திருக்கிறான்.

“மானி பேசலேன்னா மிஷின் பூஜ்யம்னு எடுத்துக்குமா சார்?”

“ஆமா. வெயில் நாள்ல பாட்டரி வீணாகக் கூடாதுன்னு மானி தூங்கிடும். மழை பெய்ஞ்சா முழிச்சுக்கும். பெய்யப் பெய்ய எண் அனுப்பும், மழை நின்னதும் ‘முடிஞ்சது’ன்னு கடைசிச் சேதி சொல்லும். அந்தக் கடைசிச் சேதி வந்தாத்தான் கணக்குல ஏறும். வரலைன்னா மழை இல்லைன்னு அர்த்தம். ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான்.”

“செத்துப்போனாலும் சேதி வராதே சார்.”

தணிகாசலத்தின் பிஸ்கட் ஊறி உடைந்து டம்ளருக்குள் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

“தண்ணி தலைக்கு மேல போனதும் மானி செத்துடுது. முழுகாத ஊர்ல மானி உயிரோட இருந்து மழையைச் சொல்லுது. முழுகின ஊர்ல செத்துப்போய் வெயில்னு சொல்லுது. எவன் அதிகமாப் படறானோ அவன் படவே இல்லைன்னு கணக்கு வருது சார். மதகை மாத்துங்க.”

“எதை வெச்சு மாத்தறது? பூஜ்யம் தப்புன்னா சரியான எண் எது? குடு.”

“சுவத்துல சேத்துக் கோடு இருக்கு. வந்து அளங்க.”

“சுவத்தை மிஷின் படிக்காதும்மா.” அவர் குரலைத் தாழ்த்தினார். “இன்னொண்ணும் இருக்கு. நண்டுமேட்டை எடுத்தா வரிசைல அடுத்து பாசிக்குளம். அவன் சும்மா இருப்பானா? ‘உங்க அம்மணி பொறந்த ஊரைக் காப்பாத்த எங்களை முழுகடிக்கறீங்களா’ன்னு கேப்பான். அப்புறம் அறுபது வட்டமும் கடப்பாரையோட வாசல்ல நிக்கும். ஒரே ஒரு தடவை அந்த மானி கடைசிவரைக்கும் பேசட்டும். நானே நண்டுமேட்டை வரிசைக் கடைசிக்குத் தள்ளி வெக்கறேன். என் வார்த்தை.”

அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டுதான் செம்மலர் மதியமே நண்டுமேட்டுக்குப் போனாள்.

பேரில்தான் மேடு. நகரத்திலேயே தாழ்ந்த பூமி அது. ஒரு பக்கம் உப்பங்கழி, மூன்று பக்கம் உயர்த்திப் போட்ட சாலைகள். தெரு முழுக்க ஜனங்கள் பாத்திரத்தையும் பாயையும் பொட்டலம் கட்டி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அழுகை இல்லை, கூச்சல் இல்லை. பழகிப்போனவர்களின் வேகம்தான் இருந்தது. வீட்டுக்கு ஒருவர் மட்டும் ஏறாமல் நின்றார்கள். அவர்கள் காவல். முறை நாளில் ஆள் இல்லாத வீடு கைவிட்ட வீடு என்பது சட்டத்தின் பதினோராவது பிரிவு. அந்த இடத்தை வாரியம் நீர்நிலம் என்று எடுத்துக்கொள்ளும். போன தடவை தேசிங்கு டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். காவல் இருந்தது பூங்காவனம்.

தேசிங்கு வாசலில் ஒரு ஆட்டோவின் பாட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஆட்டோக்களுக்கு வயர் வேலை பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. தங்கையைப் பார்த்ததும் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

“வாடி ஆபீசரு. இன்னா, நாலாவது பந்திக்கு எலை போட்டுட்டீங்களா?”

“ண்ணா, கிண்டல் பண்ணாத. கெளம்பு, நம்ம வீட்டுக்குப் போலாம்.”

“நம்ம வீடு இதான். நான் கெளம்பினா உங்க ஆபீசு இதைக் கொளம்னு எழுதிக்கும். அப்பா மண்ணு சொமந்து கட்டின வீடு. அவ உசுரு போன வீடு.” உள்ளே சுவரில் பூங்காவனத்தின் படம் மாட்டியிருந்தது. படத்துக்கு மேலே இரண்டு முழம் உயரத்தில் சேற்றுக் கோடு ஓடியது. “ஏண்டி, அந்த வசந்த விஹாரு வட்டத்துக்கு மட்டும் முறையே வராதா?”

“வந்துச்சு ண்ணா, ரெண்டு வருஷம் முந்தி. அது மேட்டு நிலம், மொழங்கால் தண்ணியோட வடிஞ்சிருச்சு. மானி முழுகல. நல்லா எழுதிக்கிச்சு. இனிமே அவங்களுக்கு ரொம்ப வருஷம் வராது.”

“மொழங்கால் தண்ணிக்கு அவ்ளோ மதிப்பா! எங்க வூட்ல கூரை வரைக்கும் வந்துச்சேடி. அது இன்னாத்துல சேத்தி?”

அவள் சொன்னாள். மூன்று பூஜ்யங்களைச் சொன்னாள், கடைசிச் சேதி போனால்தான் கணக்கில் ஏறும் என்பதைச் சொன்னாள். தூங்குகிற மானிக்கும் செத்த மானிக்கும் மிஷினுக்கு வித்தியாசம் தெரியாது என்பதைச் சொன்னாள். அண்ணியின் சான்றிதழில் ஏன் “வழுக்கி விழுந்து” என்று இருக்கிறது என்பதையும் சொன்னாள். தேசிங்கு சிரிப்பதை நிறுத்திவிட்டான். அவன் முகத்தில் கோபம்கூட வரவில்லை. ஏதோ நெடுநாள் தேடிய பொருள் எங்கே இருக்கிறது என்று யாரோ சொன்னது மாதிரி அவளையே பார்த்தான்.

“அந்தப் பொட்டி எங்க கீதுன்னு தெரியுமா? வா, காட்றேன்.”

இரண்டு வீடு தள்ளி, மோட்டார் ரூம் சுவரில், அவன் இடுப்பு உயரத்தில் மானி இருந்தது. சோற்றுப் பானை அளவு பெட்டி, மேலே மழை விழுகிற புனல், கீழே தரை வரைக்கும் இறங்குகிற ஒரு வயர். வயரின் நுனியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கிற கண். அறிவெல்லாம் பெட்டிக்குள். சட்டம் வந்த புதிதில் சில கெட்டிக்காரர்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து தங்கள் மானிக்குள் ஊற்றினார்கள், நிறையப் பட்டதாகக் காட்ட. அதனால் கூண்டு போட்டார்கள். நண்டுமேட்டுக் கூண்டு மூன்று வெள்ளத்தில் துருப்பிடித்து, தொட்டால் உதிர்ந்தது.

“ஏண்டி இடுப்பு ஒசரத்துல வெச்சாங்க?”

“அஞ்சு வருஷ மழைக்கு எவ்வளவு தண்ணி நிக்கும்னு கணக்குப் போட்டு, அதுக்கு மேல ஒரு சாண் விட்டு வெச்சாங்க ண்ணா.”

“நல்லாப் போட்டாங்க கணக்கு. முறை முடிஞ்சதும் ஒருத்தன் வருவான். செத்த பொட்டிய எடுத்துட்டு அதே எடத்துல புதுசா ஒண்ண மாட்டிட்டுப் போவான். மூணு வாட்டி மாட்டிட்டான், மகராசன்.” தேசிங்கு பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தான். “பொட்டி முழுகாம இருந்தா போதும், இல்ல? கண்ணு கீழ இருக்கட்டும். வயர நீட்டிட்டா?”

“அதைத் தொட்டா கேஸ் ண்ணா.”

“போடட்டும். எந்த ஊரு மழப்பொட்டியத் தொட்டேன்னு கேட்டா நண்டுமேட்டுதுன்னு சொல்லுவேன். அங்கதான் மழையே இல்லியே.”

அவர்கள் இருவரும் அதைக் கழற்றினார்கள். தேசிங்கு கையில் இருந்த வயரையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்து, மூட்டுகளில் ஆட்டோவுக்குப் போடுகிற தார்ப்பசையை அப்பி, பெட்டியைத் தன் வீட்டுக் கூரை முகட்டுக்குக் கொண்டுபோனான். முகட்டில் பழைய டிஷ் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் பெட்டியைக் கட்டினான். அதற்கு மேல் ஏற்ற வயர் இல்லை.

“முகடு வரைக்கும் வருமாடி?”

செம்மலர் மனசுக்குள் கணக்குப் போட்டாள். சுரங்கக் குழாய் எவ்வளவு கக்கும், நாளைக்கு எவ்வளவு மழை எதிர்பார்க்கிறார்கள், நண்டுமேட்டின் பரப்பு எவ்வளவு. அவளுக்கு மனப்பாடமான எண்கள் அவை. “வராது ண்ணா. எப்படிப் பெய்ஞ்சாலும் முகட்டுக்கு நாலு அடி கீழதான் நிக்கும். கணக்குப் பார்த்துட்டேன்.”

“அப்ப நான் முகட்டுல குந்திக்கிறேன். நீ கவலப்படாம போ.” கிளம்பும்போது அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினான், சின்ன வயதில் தட்டுவது போல. “இன்னா, ஒரு வாட்டி மழ பெஞ்சுதுன்னு எழுதிட்டா, அவளுக்கும் சேத்து மாத்தித் தருவாங்களா?”

“கேப்பேன் ண்ணா. கண்டிப்பா கேப்பேன்.”

மறுநாள் காலை மதகு திறந்தது.

முறை அறையில் யாரும் அதிகம் பேச மாட்டார்கள். ஐம்பத்தொன்பது வட்டங்களில் தெருக்கள் காய்வதைத் திரை பச்சையாகக் காட்டிக்கொண்டே வரும். ஒன்று மட்டும் நீலமாகும். முந்தைய மூன்று தடவையும் நண்டுமேட்டின் எண் கொஞ்ச நேரம் ஏறி, சட்டென்று நின்றுபோனது. இப்போது நிற்கவில்லை. இருநூறு, முந்நூறு. செம்மலர் நகத்தைக் கடித்தாள். ஐந்நூறு. தணிகாசலம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எண்ணூறைத் தாண்டியபோது எண்ணின் நிறம் சாம்பலானது. எதற்கு என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு எண் வந்தால் போதும்; எண் வந்தால் பெட்டி முகட்டில் இருக்கிறது, பெட்டி இருந்தால் பக்கத்தில் அண்ணன் இருக்கிறான். அண்ணனின் போன் எப்போதோ அடங்கிவிட்டது. ஆயிரம் தாண்டியது. இவ்வளவு ஏறும் என்று அவள் கணக்கு சொல்லவில்லை.

“மதகைக் கொஞ்சம் மூடுங்க சார். இது நான் நெனச்சதைவிட ரொம்ப அதிகம்.”

“மூடினா குழாய் வெடிக்கும்மா. நடு ஊர்ல ரெண்டு ஆஸ்பத்திரி இருக்கு.” அவர் திரையைக் காட்டினார். “எண் வருது பாரு. எண் வர்ற வரைக்கும் அவர் நல்லா இருக்கார்.”

ஆயிரத்து ஐந்நூறு. இரண்டாயிரம். சாயங்கால வெளிச்சத்தில் மழை சலித்துப்போய் நின்றது. திரையில் நண்டுமேட்டுக்கு நேராக 2170 என்று வந்து, அதற்குக் கீழே, அந்த வட்டத்தின் வரலாற்றிலேயே முதன்முதலாக, “முடிஞ்சது” என்ற சேதி விழுந்தது. செம்மலர் ஓவென்று அழுதுவிட்டாள். சந்தோஷ அழுகை. தணிகாசலம் அவள் தோளைத் தட்டி, “சொன்னேன்ல, சொன்னேன்ல” என்றார்.

மீட்புப் படகில் அவளும் ஏறிக்கொண்டாள். நண்டுமேட்டில் மாடி இல்லாத வீடு எதுவும் தெரியவில்லை. மோட்டார் ரூமும் தெரியவில்லை. அண்ணன் வீடு இருக்க வேண்டிய இடத்தில் டிஷ் கம்பி மட்டும் தண்ணீருக்கு மேலே இரண்டு அடி நீட்டிக்கொண்டிருந்தது. அதன் உச்சியில், ஒரு கட்டம் போட்ட லுங்கியால் இறுக்கிக் கட்டப்பட்டு, மானிப் பெட்டி இருந்தது. அதன் சிறிய விளக்கு பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது.

எதிர்ச்சாரியில் இரண்டு மாடிக் கடை வைத்திருந்த மஸ்தான் பாய், நீந்தி வந்து ஏறிக்கொண்ட மற்ற காவல் ஆட்களோடு, மொட்டை மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தவர். படகு அவரிடம் போனபோது செம்மலரைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

“முகட்டு மேல நின்னான்மா. தண்ணி மாருக்கு வந்துச்சு, கழுத்துக்கு வந்துச்சு. பொட்டிய தலைக்கு மேல தூக்கிப் புடிச்சினு நின்னான். வயரு பத்தலன்னு அதைக் கட்டின முடிச்ச அவுத்து அவுத்து இழுக்குறான். வுட்டுட்டு இப்பிடி நீந்தி வாடா தேசிங்குன்னு தொண்ட கிழியக் கத்தினேன். ‘மழ நிக்கட்டும் பாய், கடைசி சேதி போவணும்’னான். அப்புறம் லுங்கிய அவுத்துக் கம்பில கட்டிட்டான். கட்டின கையோட தண்ணி அவன இழுத்துக்கினு போயிருச்சு. புடிச்சுக்க அந்தக் கம்பிதாம்மா இருந்துச்சு. அதுல பொட்டி இருந்துச்சு.”

தேசிங்கை மறுநாள் உப்பங்கழியில் எடுத்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து செம்மலர் இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். அதே ஆள். இந்தத் தடவை அவளை அடையாளம் தெரிந்து எழுந்து நின்றான். நாற்காலி போட்டான். திரையைப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். அவன் குரலில் இப்போது திமிர் இல்லை, பயம்தான் இருந்தது.

“மேடம், கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கும் நண்டுமேட்டுல பூஜ்யம்னுதான் காட்டுது.”

அவள் வாரியத்துக்கு வந்து நேராகத் தணிகாசலத்தின் அறைக்குள் போனாள். கதவைத் தட்டவில்லை. அவர் எதிர்பார்த்திருந்தார் போலிருக்கிறது. நண்டுமேட்டின் பதிவு அவர் திரையில் திறந்தே இருந்தது.

“மிஷினுக்கு ஒரு மேல்வரம்பு உண்டும்மா. அந்தக் காலத்து மழையிலேயே பெரிய மழை எதுவோ, அதுல ஒன்றரைப் பங்கு. எண்ணூத்து நாப்பது. அதுக்கு மேல எண் வந்தா, இப்படி ஒரு மழை இருக்க முடியாது, கருவி கெட்டுப்போச்சுன்னு தள்ளிடும். தள்ளினா…”

“பூஜ்யம்.”

“ஆமா.”

“அது வானத்து மழைக்குப் போட்ட வரம்பு சார். அறுபது வட்டத்துத் தண்ணியை ஒரே எடத்துல கொட்டினா எவ்வளவு வரும்னு யாராவது வரம்பு போட்டீங்களா?”

“இதுவரைக்கும் எந்த மானியும் அவ்வளவு நேரம் உயிரோட இருந்ததில்லையேம்மா. யாருக்கும் தெரியாது.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண் சிவந்திருந்தது. “வரம்பைத் தூக்கணும்னா வாரியக் கூட்டம் கூடணும். அடுத்த வருஷம் ஆகும். அதுக்குள்ள இந்தக் கார்த்திகையிலேயே இன்னும் ரெண்டு புயல் இருக்கு. ரெண்டுக்கும் நண்டுமேடுதான்.”

செம்மலருக்கு அவர்மேல் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. தன்மேலும்தான். முகட்டுக்கு நாலு அடி கீழே நிற்கும் என்று சொன்னது அவள் வாய். அவளுக்கு மனப்பாடமான எண்களும் இந்த வரம்பு சலித்துத் தந்தவைதான்.

தணிகாசலம் எழுந்தார். பதிவை மூடவில்லை. “நான் கீழ போய் டீ குடிச்சிட்டு வர்றேன். கொஞ்சம் நேரமாகும்,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அவள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். 2170 என்ற எண் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அதன்மேல் ஒரு கோடு போட்டிருந்தது. அண்ணன் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த எண். அவள் அதை அழித்தாள். விரல் வரவில்லை, இரண்டு தடவை முயன்றாள். பிறகு 835 என்று அடித்தாள். அவன் கழுத்துக்கு மேல் ஏறிய தண்ணீரை அழித்தாள், மார்புக்கு வந்த தண்ணீரை அழித்தாள், மிஷின் நம்பக்கூடிய அளவுக்கு மட்டும் ஒரு வெள்ளத்தை மிச்சம் வைத்தாள். மிஷின் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எண் உடனே கறுப்பானது. நண்டுமேடு வரிசையின் கடைசிக்குப் போயிற்று. உண்மையைச் சொன்னவனைப் பைத்தியம் என்றது, பொய்யைச் சொன்னவளுக்கு நன்றி என்று காட்டியது. பாழாய்ப்போன மிஷின்!

ஒரு வாரத்தில் சான்றிதழ் வந்தது. தேசிங்கு, ஆட்டோ மெக்கானிக், இறந்த காரணம்: வெள்ளம். நண்டுமேட்டில் வெள்ளத்தில் செத்ததாகப் பதிவான முதல் ஆள் அவன்தான். பூங்காவனத்துக்கு மாற்றித் தர முடியாது என்றார்கள். அவள் செத்த நாளில் மழை இல்லை.

அடுத்த புயல் சின்னம் வங்கக் கடலில் கிளம்பிய அன்று, முறை அறையின் திரையில் மஞ்சள் எழுத்து விழுந்தது. பாசிக்குளம். அந்தப் பெயருக்குப் பக்கத்தில், இதுவரை பட்ட மழை என்ற இடத்தில், நண்டுமேட்டுக்கு இருந்த மாதிரியே வரிசையாகப் பூஜ்யங்கள். நண்டுமேட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அவள் அந்த வரியைப் படித்ததே இல்லை.

செம்மலர் போனை எடுத்து, மானிகளை மாட்டுகிற பராமரிப்புப் பிரிவைக் கூப்பிட்டாள். ஒருவன் உற்சாகமாகப் பேசினான்.

“பாசிக்குளத்துல மானி எவ்வளவு உசரத்துல இருக்கு?”

“இடுப்பு உசரம் மேடம். அறுபது வட்டத்துலயும் அதே உசரம்தான். நம்ம வாரியத்துல பாரபட்சமே கிடையாது.”